மானைக் காட்டி ஊட்டின கதை

மகள்,

நேத்து வீடியோ கோல்ல பார்த்ததில இருந்து மனம் சரியில்லை. சின்னவன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு தலையை அங்கால இங்கால ஆட்டுறான், நீ ஒரு கையில போன் மற்றக் கையில கரண்டி, இன்னும் மூண்டு வாய் இன்னும் மூண்டு வாய் எண்டு கெஞ்சுறாய், அவன் கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டே என்னத்த விழுங்கினான் எண்டு அவனுக்கே தெரியாது. கோலை வச்சதும் அப்பா சொல்றார், "உன்ர ட்ரெயினிங்தானே". கோபம் வந்தது, ஆனா மனுசன் சொன்னது சரி.

உனக்கு மூண்டு வயசில திருகோணமலை டச்பே கடற்கரைப் பக்கம் மேயிற மானைக் காட்டிக் காட்டித்தான் ஊட்டினனான். மான் தலையைத் தூக்கினா நீ வாயைத் திறப்பாய், அந்தச் சாட்டில கீரிமீனும் முருங்கை இலையும் உள்ளுக்க போயிடும். உனக்கு மான், அவனுக்குப் போன், வேற வித்தியாசம் இல்லை.

பாவக்காய் கதைதான் பெரிசு. முடிக்காம எழும்பக்கூடாது எண்டு இருத்தி வச்சன், கடைசியில கோப்பைக்குள்ளயே சத்தி எடுத்தாய். 90ல அகதி முகாம்ல பருப்பும் சோறுமா கிடந்தவள் நான், ஒரு பிடி சோறு மிஞ்சினாலே நெஞ்சு பகீர் எண்டும், அந்தப் பயத்தை உன்ர கோப்பையில போட்டிட்டன். போன தரம் வந்தப்பவும் பாவக்காய்ச் சம்பலைக் கண்டதும் நீ கதிரையைப் பின்னுக்கு இழுத்ததைப் பார்த்தனான்.

பக்கத்து வீட்டு மிட்வைஃப் பிள்ளையிட்ட கேட்டன். முதல் வருசம் பிள்ளை பிறந்த நிறையில 3 மடங்கு ஆகுதாம், அதுக்குப் பிறகு வருசத்துக்கு 2 கிலோ அளவுதான் ஏறுமாம், அப்ப பசி குறையிறது இயல்புதானே. 2 வயசில இருந்து 6 வயசு மட்டும் புதுச் சாப்பாட்டைக் கண்டா பயப்பிடுறதும் வழமையாம். ஒரு சாமானை 10, 15 தரம் கண்டு, தொட்டு, மணந்து பார்த்த பிறகுதான் சில பிள்ளையள் வாயிலயே வைக்குங்களாம், நாங்க மூண்டாம் தரமே இவனுக்குப் பிடிக்காது எண்டு முடிவு கட்டிடுறம். என்ன சாப்பாடு, எத்தினை மணிக்கு எண்டது உன்ர பாடு, எவ்வளவு எண்டது அவன்ர பாடு.

அவனுக்குப் பிடிச்ச புட்டுக்குப் பக்கத்தில கீரைக்கறி ஒரு தேக்கரண்டி வை, ஒண்டும் சொல்லாத. பிசைஞ்சு விளையாடினா விளையாடட்டும். கீரை முடிச்சா சொக்லேட் எண்டு மட்டும் சொல்லாத, கீரை தண்டனை, சொக்லேட் பரிசு எண்டு ஆயிடும். பால் போத்திலையும் குறை, நாளுக்கு அரை லீட்டருக்கு மேல குடிச்சா சோத்துக்கு இடம் எங்க இருக்கு? மருமகன் கத்தரிக்காயைப் பொறுக்கிக் கரையில வைக்கிறதை சின்னவன் வடிவாப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், அவரிட்ட நான் சொல்ல ஏலாது, நீ சொல்லு.

நிறை ஏறாம நிண்டா, கட்டியா எதைக் குடுத்தாலும் தொண்டையில சிக்கிப் பிரக்கடிச்சா மட்டும் டொக்டரிட்ட காட்டு, அது வேற விசயம்.

ஓகஸ்ட்டில வாறியள்தானே. கிண்ணியா தயிர் சட்டியோட எடுத்து வைப்பன். பாவக்காயும் சமைப்பன், அப்பாவுக்கு. மேசையில இருக்கும், உனக்குப் போட்டுத் தரமாட்டன்.

அம்மா