ஏழாவது மாதம் என்ன வழி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலை இழந்தவருக்குச் சில மாதம் உதவித்தொகை தரும், சொக்சோவின் (மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை காப்புறுதித் திட்டம் பற்றித் தமிழ் நாளிதழ்கள் எழுதியதால்தான் பிறை, பாகான் டாலாம் பக்கம் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. அந்த உதவி நின்ற பிறகு என்ன ஆகிறது என்பதையும் கொஞ்சம் எழுதுங்கள்.

2018 ஜனவரியில் தொடங்கிய திட்டம் இது. நம் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். ஆட்குறைப்பில் வேலை போனால் 60 நாளுக்குள் மனு செய்ய வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு 40, கடைசியில் 30 எனக் குறைந்துகொண்டே போகும். சந்தா போதிய அளவு இருந்தாலும் ஆறு மாதம்தான். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். இளைஞர்கள் பலர் அதற்குள் பாயான் லெப்பாஸில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் நுழைந்துவிடுகிறார்கள்.

ஐம்பதைத் தாண்டியவருக்கு அது நடப்பதில்லை. ஓய்வு வயது 60 என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நேர்முகத் தேர்வில் அடையாள அட்டையைப் பார்த்ததுமே "சரி, அப்புறம் கூப்பிடுகிறோம்" என்கிறார்கள். ஆறு மாதம் ஓடிவிடும். இருபது வருடம் மெஷின் ஓட்டியவர் கடைசியில் பன்னிரண்டு மணி நேரப் பாதுகாவலர் வேலைக்குப் போகிறார். அதுவும் கிடைத்தால்தான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2020இல் பெஞ்சானா என்ற பொருளாதார மீட்புத் திட்டத்தில், வேலையில்லாதவரைச் சேர்த்துக்கொண்ட முதலாளிக்கு அரசாங்கம் மாதம் 800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தது. 40 வயதைக் கடந்தவர், மாற்றுத்திறனாளி என்றால் 1,000 வெள்ளி. வயதானவரை வேலைக்கு எடுக்க முதலாளி தயங்குவார் என்பது அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? கோவிட் கால ஏற்பாடாகவே அதை விட்டுவிடாமல், ஆறு மாதத்துக்கு மேல் வேலையில்லாதவர்களுக்கு நிரந்தரமாக வைக்கலாம். மானியம் நின்ற மறுமாதமே ஆளை வீட்டுக்கு அனுப்பும் முதலாளியிடம் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கவும் வேண்டும். அந்த நிபந்தனை இல்லாவிட்டால் லாபம் முதலாளிக்குத்தான்.

மைஸ்டெப் என்ற அரசாங்க வேலைவாய்ப்புத் திட்டத்தின் விஷயம் இன்னும் வேடிக்கை. 2021 வரவுசெலவுத் திட்டத்தில் 50,000 பேருக்குக் குறுகிய கால வேலை என்று அறிவித்தார்கள், அதில் 35,000 அரசாங்கத் துறையில். எல்லாம் ஒப்பந்த வேலை. ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியே வருவதை, வேலை காப்புறுதிக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் வேலை இழப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. அரசாங்கம் கொடுத்த வேலை முடிந்ததும் அரசாங்கத்தின் உதவித்தொகையும் கிடையாது! சேரும்போது எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும்?

ஏழாவது மாதம் தொடங்கியதும் சொக்சோ அதிகாரி ஒருவர் தாமாகவே அழைத்து விசாரிக்கும் ஏற்பாடாவது இருக்க வேண்டும். இதையும் வயதானவர்களுக்கான மானியத்தையும் பற்றித் தங்கள் நிருபர் மனிதவள அமைச்சிடம் நேரடியாகக் கேட்டு, வரும் பதிலை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பிறை, பினாங்கு