மலைப்பாதைக்கு ஜீப் ஆடம்பரமன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜீப் வகை வண்டிகளை நகரத்து இளைஞர்களின் ஆடம்பரம் என்று மட்டும் பேசுவது சரியன்று. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் கரடுமுரடான பாதையில் இன்றும் ஜீப்தான் ஓடுகிறது. ஏலத்தோட்டம் வைத்திருக்கும் என்னைப் போன்றோருக்கு, மழைக்காலச் சேற்றில் பின்சக்கரங்கள் வழுக்கிச் சுழலும்போது முன்சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்து, லோ கியரில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் நான்கு சக்கர இயக்கம் இல்லாவிட்டால், உரமூட்டைகள் மேலே போய்ச் சேரா. படி உயரமாக இருப்பதால் என் தாயாரைக் கைத்தாங்கலாகத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. டீசல் செலவும் சிறிய காரைவிட அதிகம்தான். இன்னொன்று, நான்கு சக்கர இயக்கத்தைத் தேவைப்படும்போது மட்டும் இணைக்கும் வகை வண்டியில், உலர்ந்த தார்ச்சாலையிலும் அதை விடுவிக்காமல் ஓட்டினால், திருப்பங்களில் பற்சக்கரங்கள் இறுகித் தேய்ந்துவிடும் என்பதை விற்பவர்கள் வாங்குவோருக்குக் கட்டாயம் விளக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், போடிநாயக்கனூர்