மின்தடையா, மின் நிறுத்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இராமநாதபுரம் மாவட்டப் பக்கத்தில், மின்சாரம் இல்லாமற்போன செய்தி எதுவானாலும் பெரும்பாலும் ‘மின்தடை’ என்ற ஒரே சொல்லால் எழுதப்படுகிறது. துணை மின் நிலையப் பராமரிப்புக்காக அறிவித்து நிறுத்துவதும், காற்றில் கம்பி அறுந்து விழுவதும், பற்றாக்குறையால் முறை வைத்து நிறுத்துவதும் வெவ்வேறானவை.

எங்கள் கடற்கரையில் பள்ளிக்கூடம் போகாதவர்கூட இவற்றைப் பிரித்தே பேசுகிறார். ‘கரண்டு போயிருச்சு’ என்றால் தானாக நின்றது. ‘கரண்டை நிறுத்திட்டாங்க’ என்றால் தெரிந்தே நிறுத்தியது. ‘பீஸைப் பிடுங்கிட்டாங்க’ என்றால் கட்டணம் கட்டாத வீட்டின் இணைப்பைத் துண்டித்தது. ஊர் முழுவதற்கும் ‘மின்சாரம் துண்டிக்கப்பட்டது’ என்று அச்சிடும்போது, ஊரே பணம் கட்டத் தவறியது போன்ற தொனி வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

‘மின்வெட்டு’ என்றால் வெட்டுகிற கை ஒன்று இருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டையொட்டித் தமிழகம் பட்ட பற்றாக்குறைக்கு அச்சொல் மிகவும் பொருந்தியது. அதே ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டதோ வெட்டு அன்று, மாநிலங்களை இணைக்கும் மின் தொகுப்பின் (கிரிட்) செயலிழப்பு. தென் மின் தொகுப்பு அப்போது அதனோடு ஒத்தியங்கும்படி இணைக்கப்படாததால் நாம் தப்பினோம்.

‘மின்தடை’யோ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கும் சொல். கடத்தி ஒன்று மின்னோட்டத்தை எதிர்க்கும் பண்பின் பெயர் அது, அலகு ஓம். நான் பாடம் நடத்திய காலத்தில், ‘கம்பியில் மின்தடை இருந்தால் விளக்கு எரியாதுதானே, ஐயா?’ என்று ஒரு மாணவி கேட்டாள். மின்தடை ஓட்டத்தைக் குறைக்குமே தவிர அடியோடு நிறுத்தாது என்று விளக்கினேன். ஆனால் மின்சாரம் அடியோடு நிற்பது என்பதுதானே அவள் நாளிதழில் அன்றாடம் படித்த பொருள்!

இங்கே கடற்காற்று கொண்டுவரும் உப்பு மின்கம்பத்துப் பீங்கான்களில் படிந்து, பனியில் நனைந்ததும் மின்சாரம் அதன் வழியே கசிந்து மின்பாதை செயலற்றுவிடுவதுண்டு. அது பழுது, எப்போது சரியாகும் என்று யாராலும் உறுதி கூற இயலாது. அறிவித்த நிறுத்தமோ காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை என்று எல்லை உடையது. பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள் மட்டுமே தொழிலுக்குப் போகும் வழக்கமுள்ள இக்கரையில், கடலுக்குப் போவதற்கு முந்தைய நாள் ஐஸ் தேவைப்படுகிறவருக்கு இந்த வேறுபாடு கைக்காசு.

பொது வழக்கில் வேரூன்றிவிட்ட ‘மின்தடை’யை அடியோடு நீக்கும்படி நான் கேட்கவில்லை. காரணம் தெரியாமல் திடீரென நின்றால் அதையே எழுதுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்புகளுக்கேனும் ‘மின் நிறுத்தம்’ என்றும், காரணம் தெரிந்த இடத்தில் ‘மின் பழுது’ என்றும் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்,
மண்டபம்.