வலைத்தள வடிவமைப்பாளர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் காரைக்குடியில் நடந்தன. ஆயுத பூஜையைச் சிறப்பாகக் கொண்டாடினோம். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினோம்.

இவ்வாண்டின் பெரிய வேலை, நம் பொது ஸ்டைல் கோப்பு, அதாவது வலைப்பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பு. இதற்கு இவ்வளவு நேரம் ஏன் என்று வெளியே சிலர் கேட்பதாக அறிகிறேன். அவர்கள் கூட்டத்துக்கு வராதவர்கள் என்பதால் இங்கே விளக்கமாகவே எழுதுகிறேன்.

கண்டாங்கிச் சேலைக்கடை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தான் பக்கம் விடுதியாகிவிட்ட பழைய வீடுகள் என நம்மிடம் வருகிற எல்லோருக்கும் பட்டனிலும் காலண்டரிலும் தங்கள் நிறம் தெரிய வேண்டும். அதற்காக உறுப்பினர்கள் பலர் காலண்டர் லைப்ரரியின் (பிறர் எழுதித் தரும் ஆயத்த நிரலின்) மூலக் கோப்பையே திறந்து திருத்தி வந்தார்கள். லைப்ரரி அப்டேட் ஆனதும் திருத்தமெல்லாம் போய்விடும். சரி என்று, மற்ற விதிகளை மீறச் செய்யும் ‘இம்பார்ட்டன்ட்’ என்ற சொல்லை வரிக்கு வரி போடுவார்கள். அடுத்து வேலைக்கு வருபவர் அதை மீற இன்னொரு ‘இம்பார்ட்டன்ட்’ போட வேண்டியதுதான்.

பொதுக் கோப்பில் லைப்ரரியைத் தொடும் வேலையே இல்லை. அதை ஒரு சிஎஸ்எஸ் லேயருக்குள், அதாவது முன்னுரிமை குறைந்த ஓர் அடுக்குக்குள் வைத்துவிட்டோம். லேயருக்கு வெளியே நாம் எழுதுவது தானாகவே மேலே நிற்கும். முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் 2022 முதல் இந்த வசதி உண்டு. நிறம், எழுத்துரு, ஓர வளைவு மூன்றும் வேரியபிள்களாக (பெயரிட்டு வைத்த மதிப்புகளாக) ஒரே இடத்தில் இருப்பதால், கடைக்குக் கடை அந்தச் சில வரிகளை மாற்றினால் போதும். செக்பாக்ஸுக்கும் ரேடியோ பட்டனுக்கும் நிறம் தர ‘ஆக்சென்ட் கலர்’ என்ற ஒரே வரி போதும்.

தமிழுக்காகவும் தனியாக உழைத்தோம். பட்டனும் இன்புட்டும் (எழுதி நிரப்பும் கட்டம்) பக்கத்தின் எழுத்துருவைத் தாமாக எடுத்துக்கொள்வதில்லை. ‘ஃபான்ட்: இன்ஹெரிட்’ (பக்கத்தின் எழுத்துருவையே எடு) என்று சொல்ல வேண்டும். அகலமும் உயரமும் அளவாகப் பூட்டிய பட்டனில் ‘முன்பதிவு செய்யுங்கள்’ அடங்காது, ‘தி’ போன்ற எழுத்தின் மேல் வளைவு வெட்டுப்படும். எனவே அளவைப் பூட்டாமல், எழுத்தைச் சுற்றி இடைவெளி (பேடிங்) மட்டும் வைத்திருக்கிறோம். மஞ்சள் பட்டனில் வெள்ளை எழுத்து கேட்கும் வாடிக்கையாளரிடம் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும். அழகுக்காக ‘அவுட்லைன்: நன்’ போட்டு, நிற்கும் கட்டத்தைச் சுற்றித் தெரியும் கோட்டை நீக்காதீர்கள். மவுஸ் இல்லாமல் கீபோர்டிலேயே வேலை செய்பவருக்குத் தான் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் போகும். டிராப்டவுனைத் திறந்ததும் விரியும் பட்டியல் மட்டும் இன்னும் நம் பிடிக்குள் முழுதாக வரவில்லை. 2025-இல் குரோம் அதற்கு வழி திறந்திருக்கிறது. எல்லா பிரவுசரும் ஏற்கும்வரை வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கோப்பை எடுத்துப் பயன்படுத்துபவர்களோ பலர். சோதனைக்கு ஐபோன் கொண்டுவாருங்கள் என்று குழுவில் எத்தனையோ முறை கேட்டோம். முகூர்த்த நாள், கோயில் திருவிழா, வெளியூர் என்று பதில் வந்தது. பழைய சந்தாவையே கட்டாத சிலர், கோப்பில் பிழை இருந்தால் மட்டும் இரவு பதினொரு மணிக்கும் அழைக்கிறார்கள். இது வருத்தம் தருகிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக உள்ளன. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. கூட்டத்துக்கு இடம் தந்தவருக்கும், காபி ஏற்பாடு செய்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு கோப்பைப் பராமரிக்க இன்னும் இருவராவது வேண்டும். அப்படி யாரும் வராவிட்டால், புதிய பிரவுசர் மாற்றங்களுக்கு ஏற்பக் கோப்பைத் திருத்தித் தருவதாக நான் உறுதி சொல்ல இயலாது. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். சந்தா பாக்கி உள்ளவர்களுக்காகப் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசல் பக்கம் இருப்பார்.