ஈரல் செயலிழந்த நோயாளருக்கு மருந்து எச்சரிக்கை அட்டை கோரும் மனு

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை,
மட்டக்களப்பு.

ஐயா / அம்மணி,

மாவட்டத்தின் ஆதார வைத்தியசாலைகளில் மயக்க மருந்து, மருந்தகப் பிரிவுகளில் பணியாற்றும் நாங்கள் இம்மனுவைச் சமர்ப்பிக்கின்றோம். கசிப்பாலோ ஈரலில் கொழுப்புப் படிந்தோ ஈரல் கெட்டு வருவோருக்குக் கேடு செய்பவை பெரும்பாலும் அரிய மருந்துகள் அல்ல. எந்த விடுதியிலும் கைப்பழக்கத்தில் எழுதப்படுகிறவைதான்.

பரசிற்றமோல் 1 கிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருதடவை என்பது வழமை. நாளொன்றுக்கு 500 மி.கி. குளிசை 8 ஆகிறது. ஈரல் சுருங்கி உடல் மெலிந்தவருக்கு 4 குளிசையோடு நிறுத்த வேண்டும். "ஈரல் பழுது, பனடோல் வேண்டாம்" என்று அதை அடியோடு வெட்டிவிட்டு டைக்ளோபெனாக் என்ற வேறு வலிமருந்தைக் கொடுப்பது அதைவிடப் பெரிய பிழை. சிறுநீரகம் படுத்துவிடும், இரைப்பையில் குருதி கசியும்.

எங்களுக்கு அதிக கவலை தருவது இரவில் குழம்பிக் கத்தும் நோயாளி. சேலைன் ஊசியைப் பிடுங்குகிறார், கட்டிலை விட்டு இறங்குகிறார். அடக்குவதற்கு மிடசோலமோ டயசிபாமோ என்ற உறக்க ஊசி போடப்படுகிறது. ஈரல் நோயால் ஏற்கெனவே மந்தித்த மூளை அந்த ஒரு ஊசியில் ஆழ்ந்துவிடும். வாழைச்சேனையிலிருந்தோ களுவாஞ்சிக்குடியிலிருந்தோ போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். படுத்தபடி வாந்தி புரையேற அந்தத் தூரம் போதும். அந்த ஊசியை முறிக்கும் புளூமசனில் கொடுத்து எழுப்பினாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் அதன் வேலை தீர்ந்து, உறக்கம் திரும்பும். ஊசிக்கு முன் விரலில் குத்திச் சீனி பார்க்க வேண்டும். டெசிலீற்றருக்கு 70 மி.கி.க்குக் கீழானால் 50 வீத டெக்ஸ்ற்றோஸ் 50 மி.லீ. நாளத்தில் ஏற்ற வேண்டும். மலம் போய் எத்தனை நாள், கறுப்பாய்ப் போனதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டாலே பாதிக் காரணம் வெளிவரும். மலமிளக்கியான லக்ருலோஸை நாளுக்கு 2 அல்லது 3 தடவை மலம் இளகிப்போகும் அளவுக்குக் கொடுப்பதே மருந்து. விழுங்க முடியாதவருக்கு எனிமா.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் வலிமருந்தான மோபீனின் அளவைக் குறைத்து இடைவெளியை நீட்ட வேண்டும். இன்னொரு வலிமருந்தான பெத்திடினை எடுக்கவே கூடாது, அதன் கழிவு சேர்ந்து வலிப்பு வரும். குருதி உறையத் தாமதிப்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5 இற்கு மேலோ, குருதிச் சிறுதட்டு 80,000 இற்குக் கீழோ இருந்தால் முள்ளந்தண்டில் போடும் விறைப்பு ஊசி ஆபத்து. தசை தளர்த்த அட்ராகியூரியமே உகந்தது. அது ஈரலை நம்பாமல் குருதியிலேயே தானாகச் சிதையும். தசை தளர்த்தும் மற்ற மருந்தான வெக்குரோனியம் பித்தத்தோடு வெளியேறுவது. ஈரல் படுத்தால் அதன் வேலை நேரத்துக்குத் தீராது, நோயாளி மூச்செடுக்கத் திணறுவார். ஆனால் வெக்குரோனியம் தூளாக அலுமாரியில் கிடக்கும், அட்ராகியூரியத்துக்கோ 2 முதல் 8 பாகை குளிர் வேண்டும். அவசரத்தில் கை எதை எடுக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆகவே வேண்டுவது: ஈரல் சுருக்கம், மஞ்சட்காமாலையுடன் வயிற்றுநீர், குழப்பம் என எதுவுள்ள நோயாளியானாலும் அனுமதித்த அன்றே அவரது ரிக்கற்றின் (கட்டிலருகே வைக்கும் சிகிச்சைக் குறிப்பேட்டின்) முன்பக்கத்தில் சிவப்பு அட்டை ஒட்டப்பட வேண்டும். மேலே சொன்ன அளவுகளும் தடைகளும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு சத்திரசிகிச்சைக் கூடக் குளிர்பெட்டியிலும் அட்ராகியூரியம் ஒரு பெட்டி இருக்க வேண்டும்; குளிரிலிருந்து வெளியே எடுத்தால் அந்தத் திகதி அதில் எழுதப்பட வேண்டும்; அன்றிலிருந்து 14 நாளில் பாவிக்காவிட்டால் அகற்ற வேண்டும். மாற்றி அனுப்பும் கடிதத்தில் கடைசியாகக் கொடுத்த மயக்க, வலி மருந்தின் அளவும் நேரமும், கடைசிச் சீனி அளவும், கடைசியாக மலம் போன நேரமும் எழுதும் இடம் அச்சிடப்பட வேண்டும். அம்புலன்ஸில் உடன் செல்லும் தாதியிடம் சீனி பார்க்கும் கருவி இருப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

அட்டையின் மாதிரி ஏ4 தாளின் பாதியளவில் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம்.

இங்ஙனம்,
மயக்க மருந்து, மருந்தகப் பிரிவுப் பணியாளர்கள்,
மட்டக்களப்பு மாவட்டம்.