மணிக்கு முன் ஐந்து விரல்

அன்புள்ள ஊரவர்களுக்கு,

வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து இந்த மடலை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். முதல் தடவை அழுகை விடவில்லை. இரண்டாம் தடவை கோபம் விடவில்லை. எழுதியதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். இப்போது இரவு பதினொரு மணி. மகன் தூங்கிவிட்டான். விடியச் சந்தைக்குப் போகிற வெற்றிலையை அடுக்கிக் கட்டி முடித்தாயிற்று. கை சும்மா இருக்கிறது.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஓட்டிசம் உள்ள என் மகன் மணிக்குப் பயந்து பாடசாலையை விட்டு ஓடிய அந்தச் செவ்வாய்க்கிழமையும், நீங்கள் கடற்கரைப் பக்கம் பாதியும் வாவிப் பக்கம் பாதியுமாகப் பிரிந்து தேடியதும், பிறகு அவனை வகுப்பிலிருந்து நிறுத்தச் சொல்லி வந்த மகஜரும், அதில் எத்தனை கையெழுத்து என்பதும் ஊர்க் கிணற்றடிக்கே தெரியும். திரும்பச் சொல்லப் போவதில்லை. வருகிற ஆண்டு தரம் 4க்கு அவன் தன் வகுப்பாரோடேயே போவான் என்று முடிவாகிவிட்டது. எனக்கு அது போதும்.

நன்றி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் பாடசாலையில் மணி அடிக்கும் அண்ணனிடமிருந்துதான் தொடங்குவேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “பெயர் போட்டால் மணி பிந்திய நாட்களையும் சேர்த்துப் போட வேண்டி வரும், தங்கச்சி” என்று சிரித்தார்.

எங்கள் பாடசாலை மணி என்பது வேப்பமரக் கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. நாங்கள் படித்த காலத்திலும் அதேதான். காலைக் கூட்டம், எட்டுப் பாடங்கள், இடைவேளை, வீட்டுக்கு விடுவது என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் அது அடி வாங்கும். அடித்தால் பிரதான வீதியில் போகிற கல்முனை பஸ்காரருக்கும் கேட்கும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குச் சத்தம் ஆகாது என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். காதில் பஞ்சு வைத்து அனுப்பினேன். கட்டாரில் இருக்கும் தம்பி காதை மூடுகிற கருவி ஒன்று அனுப்பினான். வகுப்புப் பிள்ளைகள் “ஹெலிகொப்டர் ஓட்டுகிறான்” என்றதும் மகன் அதைக் கழற்றி எறிந்துவிட்டான். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. படித்தவர்களுக்கும் தெரியவில்லை.

அண்ணன் மட்டும் நின்று பார்த்திருக்கிறார். இரண்டு கிழமை. பார்த்துவிட்டு ஒருநாள் என்னைப் படலையடியில் நிறுத்தினார்.

“பிள்ளை மணி அடித்த பிறகு அழுவதில்லை. அடிக்கிறதற்கு முன்னால்தான் அழுகிறான். சத்தத்துக்கு இல்லை பயம். எப்போது வரும் என்று தெரியாததுதான் பயம். யுத்த நாட்களில் எங்களுக்கும் அப்படித்தானே இருந்தது? விழுந்த ஷெல்லுக்கா பயந்தோம், விழப்போகிற ஷெல்லுக்குத்தானே?”

எனக்குப் பதில் வரவில்லை. பெற்றவள் நான், மூன்று ஆண்டுகளாக அந்த மணியை அவனோடு சேர்ந்து சபித்துக்கொண்டிருக்கிறேன். அழுகை எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லையே!

அடுத்த நாளிலிருந்து, மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் தரம் 3 வகுப்பின் யன்னலடியால் நடந்து போவார். ஒன்றும் பேச மாட்டார். கம்பிக்கு வெளியே ஐந்து விரலைக் காட்டுவார். திரும்பி வரும்போது இரண்டு விரல். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய், அடிக்கும் இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு கணம் அப்படியே பிடித்திருப்பார். மகன் அதற்குள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தயாராக இருப்பான். மரம் தெரியும்படி வகுப்பு டீச்சர் அவனுடைய வாங்கை யன்னலோரம் நகர்த்திக் கொடுத்தார். பத்து நாளில் ஒரு காதை மட்டும் பொத்தினான்.

இதற்கு ஒரு சதமும் செலவில்லை. சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிதர் நாளுக்குப் பத்துத் தடவை வெயிலிலும் மழையிலும் கூடுதலாக ஐம்பதடி நடந்தார். அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் லீவு. இதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அவருக்குப் பதிலாக அன்று மணி அடித்தவரைக் குற்றம் சொல்லவில்லை. விரல் காட்ட வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அண்ணன் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அன்று இரவே சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். மகன் மேசைக்கடியில் படுத்திருந்தான். அவரும் தரையில் குந்தி, “மனே, நாளைக்கு நீ அடிக்கிறாயா?” என்று கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. மேசைக்கடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. ஐந்து விரல்.

முதல் நாள் அவன் அடித்த மணி யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகத் தட்டியிருக்கிறான். ஒன்றரை மணி கடந்தும் தரம் 9இல் கணித சேர் பாடம் நடத்திக்கொண்டே இருந்தாராம். அந்த வகுப்புப் பிள்ளைகள் இன்னும் அவனை மன்னிக்கவில்லை. இப்போது வீட்டுக்கு விடும் மணி அவனுடையது. தான் அடிக்கிற சத்தத்துக்குக் காதைப் பொத்துவதில்லை, பொத்தக் கையும் மிச்சமில்லை. அதோடு நிற்கவில்லை. ஒன்று இருபத்தைந்துக்கு அண்ணனுடன் வகுப்பு வகுப்பாக யன்னலடியால் போய் எல்லோருக்கும் ஐந்து விரல் காட்டுகிறான். பிள்ளைகளும் திருப்பிக் காட்டுகிறார்கள்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். 37 பிள்ளைகளைத் தனியாக மேய்த்துக்கொண்டே, அன்றன்றைய பாட ஒழுங்கைப் படமாக வரைந்து அவனுடைய மேசையில் ஒட்டிவைக்கும் வகுப்பு டீச்சருக்கு. விசேட கல்வி அலகு டீச்சருக்கு. அலகு என்றால் ஒதுக்கி வைக்கும் அறை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இடைவேளைக்குப் பிறகு இரண்டு பாடம் அங்கே போய்த் தெம்பு எடுத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பி வருவதற்குத்தான் அது என்று காட்டியவர் அவர். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இப்படியான பிள்ளைகளுக்கு மேலதிக நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார். பரீட்சையை நான் பெரிதாக நினைக்கவில்லை, ஆனால் கேட்கலாம் என்பதே எனக்குப் புதிது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சை கொடுத்த தங்கைக்கு. கையெழுத்துப் போடாதவர்களுக்கு. போட்டுவிட்டுக் கூட்டத்தில் எழும்பி, “என் பெயரை வெட்டிவிடுங்கள்” என்ற நால்வருக்கு. அதற்குப் போடாமல் இருப்பதைவிடத் தைரியம் வேண்டும்.

காசு வாங்காமல் வந்த சட்டத்தரணி அக்காவுக்குத் தனியாக ஒரு வரி. இயலாமையுள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அவர் வாசித்தபோது மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி, அதில் “குழப்படி செய்யாத பிள்ளைகளுக்கு மட்டும்” என்று எங்கும் எழுதவில்லை என்றும் சொன்னார்.

1996 என்றதும் எனக்குச் சின்னம்மாவின் நினைவு வந்தது. அம்மாவின் தங்கை. பேச மாட்டார். பாடசாலை வாசலை மிதித்ததில்லை. ஊர் அவரை ஒரே சொல்லில் முடித்துவைத்திருந்தது, அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். பின்திண்ணையில் இருந்து வெற்றிலை அடுக்குவார். இலை பெரியது கீழே, சிறியது மேலே, காம்பெல்லாம் ஒரே பக்கம். ஓர் இலை புரண்டிருந்தால் கட்டு முழுவதையும் பிரித்துத் திரும்ப அடுக்குவார். கொழும்பில் அந்தச் சட்டம் எழுதப்பட்ட ஆண்டிலும் அதே திண்ணையில்தான் இருந்தார். அவருக்காகவும் எழுதப்பட்டது என்று யாரும் வந்து சொல்லவில்லை. வந்திருந்தாலும், அந்த நாட்களில் வெளியே போய்த் திரும்புவதே பெரிய காரியம். இன்று மாலை மகன் எனக்குப் பக்கத்தில் இருந்து அடுக்கினான். ஓர் இலை புரண்டிருந்தது. கட்டு முழுவதையும் பிரித்தான்.

இனி எழுதப்போவதைக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன், மூத்த மகள் முன்பள்ளிக்குப் போன நாட்களில், அங்கேயும் ஒரு மகஜர் எழுதினார்கள். ஒரு பையன் மற்றப் பிள்ளைகளைத் தள்ளுகிறான், அவனை நிறுத்த வேண்டும் என்று. அவன் என் மகளை ஒருநாளும் தொட்டதில்லை. என்றாலும் எல்லோரும் வரிசையில் நின்றார்கள், நானும் நின்றேன். ஒருவர் பேனையை நீட்டினார். என் இடுப்பில் இருந்த கைக்குழந்தை அந்தப் பேனையைப் பறிக்கப் பார்த்தான். அவன் கையைத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கைக்குழந்தைதான் இன்று மணி அடிக்கிறான்.

அந்தப் பையனுக்கு இப்போது பதினொரு வயது. அதற்குப் பிறகு அவன் எங்கும் போகவில்லை. இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு. ஏழு ஆண்டுகளாக நான் சுற்றுப் பாதையால் சந்தைக்குப் போகிறேன். மகஜரில் கையெழுத்துப் போட்டவர்களை என்னால் முழுதாக வெறுக்க முடியாததற்கும் இதுதான் காரணம். அவர்கள் நின்ற வரிசை எனக்குத் தெரிந்த வரிசை.

அலகு டீச்சரிடம் கேட்டுவிட்டேன். தை மாதம் அந்தப் பிள்ளையையும் கூட்டி வாருங்கள், வயது ஒரு தடையில்லை, இருக்கிற இடத்திலிருந்து தொடங்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவதென்று தீர்மானித்திருக்கிறேன். தாய் கதவைத் திறக்காமலும் விடலாம். அது அவருடைய உரிமை.

மணி அண்ணனிடம் இதைச் சொன்னேன். தானும் வருவதாகச் சொன்னார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, “திடீரென்று போய் வாசலில் நிற்காதே தங்கச்சி, முதலில் சொல்லி அனுப்பு” என்றார்.

இன்று பின்னேரம் மகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன், ஞாயிறு நான்கு மணிக்கு வருகிறேன் என்று.

இப்படிக்கு,
மணி அடிக்கும் பையனின் அம்மா
எழுவான்கரை, மட்டக்களப்பு