ஏழாங்கிளாஸ் போகாத வருஷம்

கண்ணு,

நேத்து நைட்டு போன்ல நீ சும்மா பேச்சுவாக்குல தான் சொன்ன, "நான் சரியா படிக்காததால தானப்பா திரும்ப ஸ்கூல்ல சேத்தீங்க"ன்னு. அம்மா உடனே பேச்ச மாத்திட்டா. எனக்கு தான் தூக்கம் வரல. காலைல சவாரி எதுவும் எடுக்கல, காலடிப்பேட்டைல வண்டிய ஓரமா போட்டுட்டு இத டைப் பண்றேன், பொறுமையா படி.

ஆறாவது கடைசில தெனமும் காலைல உனக்கு வாந்தி, ஷூவ மாட்டுனா அழுக, கணக்கு நோட்ட தொறந்தா கை நடுங்கும். 2016 ஜூன்ல ஒரு வருஷம் வீட்லயே வெச்சி பாத்துக்கலாம்னு நானும் அம்மாவும் முடிவு பண்ணோம். நான் பத்தாவது, அம்மா எட்டாவது, எங்களுக்கு இன்னா சொல்லிக் குடுக்கத் தெரியும். ஏழாவது புக்க வாங்கி உக்கார வெச்சா நாலே நாள்ல அதே நடுக்கம். புக்க மூடி வெச்சிட்டு உன்ன ஆட்டோல ஏத்திகினேன்.

ஜூலை 1 அன்னிக்கு ராயபுரம் ஸ்டேஷன் போனோமே, தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856ல இதே ஜூலை 1 தான் இங்கருந்து வாலாஜாவுக்கு கெளம்புச்சின்னு சொன்னதும் நீ வெரல் விட்டு எண்ணி "160 வருஷம்பா"ன்ன, அதுக்கு முன்னாடி ஒரு மாசமா நீ தானா ஒரு கணக்கும் போட்டதில்ல. அப்புறம் தான் மீட்டர் கணக்கு. அப்ப முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அதுக்கு மேல கிலோமீட்டருக்கு 12. நீ பின்னாடி சீட்ல நோட்டோட உக்காந்துகினு, 6.8 கிலோமீட்டர்னா 1.8 கழி, அஞ்சு, அஞ்சு பன்னெண்டு அறுவது, கூட 25, மொத்தம் 85ன்னு மீட்டர் காட்றதுக்கு முன்னாடியே சொல்லுவ. ஒரு நாள் நீயே தலைகீழா கேட்ட, "அப்பா 145 ரூபா வந்தா எவ்ளோ தூரம் போயிருப்போம்?" எனக்கு சட்டுன்னு வரல கண்ணு. நீ தான் 11.8ன்னு போட்டு காமிச்ச. அது தான் அல்ஜீப்ரான்னு அப்ப நமக்கு ரெண்டு பேருக்குமே தெரியாது, எட்டாவதுல எக்ஸ் ஒய்னு வந்தப்ப தான் நீ ஓடியாந்து சொன்ன.

காசிமேடு மீன் மார்க்கெட்டு அம்மா பொறுப்பு. செவுள தூக்கி செவப்பு பாக்கறது, கண்ணு பளிச்சுன்னு இருக்கா பாக்கறது, ஏலத்துல கூடை எவ்ளோக்கு போவுது, அதையே கூறு கட்டி வித்தா எவ்ளோ, எல்லாம் நோட்டுல எழுதியிருக்க. மீன் வெட்டற ஆயா கத்தாழ மீனு தலைய பொளந்து உள்ள இருந்து ரெண்டு வெள்ளக் கல்ல எடுத்து உன் கைல வெச்சாங்களே. அது மீனோட காதுக்குள்ள இருக்கற கல்லு, மீன் வளர வளர மரத்துல வளையம் விழற மாதிரி கல்லுலயும் விழும், அத எண்ணி தான் மீனோட வயச சொல்றாங்கன்னு செல்போன்ல தேடிப் பாத்து நீ எங்களுக்கு பாடம் எடுத்த. முப்பது வருஷமா கத்தாழ குழம்பு வெக்கறேன் இது தெரியாம போச்சேன்னு அம்மா அன்னிக்கு பூரா சொல்லிகினு இருந்தா.

வர்தா புயல நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி பக்கெட்டுல தண்ணிய கரண்டியால சுத்தி விட்டு, நடுவுல பள்ளம் விழறத காமிச்சி, புயலுக்கும் இப்படி நடுவுல கண்ணு இருக்கும், கண்ணுக்குள்ள காத்து அடங்கிக் கெடக்கும்னு சொல்லிகினு இருந்த. டிசம்பர் 12, காலைல இருந்து வடக்க இருந்து பேய்க்காத்து, ஜன்னல் கம்பில நீ கட்டுன ரிப்பன் பிச்சிகினு போற மாதிரி ஆடுது. மத்தியானத்துக்கு மேல படக்குன்னு எல்லாம் அடங்கிடுச்சி. தெருவே வெளிய வந்து நிக்குது, நானும் வண்டி இன்னா ஆச்சோன்னு செருப்ப மாட்டுனேன். நீ என் சட்டைய புடிச்சி இழுத்து, "போவாதப்பா, இது கண்ணு தான், இனிமே எதிர்ப்பக்கம் இருந்து அடிக்கும்"ன்னு கத்துன. தெருவுல நின்னவங்களையும் கூப்ட்டு உள்ள போவச் சொன்ன. கொஞ்ச நேரத்துல தெக்க இருந்து வந்துச்சி பாரு காத்து, நம்ம வண்டி மேலயே அந்த வேப்பமரம் சாஞ்சிது.

ஜனவரி 28, எண்ணூர்கிட்ட ரெண்டு கப்பல் மோதி எண்ணெ கொட்டுச்சி, ஆளுங்க பக்கெட்டால அள்ளிகினு இருந்தாங்க. வீட்டுக்கு வந்து தட்டுல தண்ணி ஊத்தி நல்லெண்ண விட்டு பஞ்சு, வைக்கோல், சோப்புத்தண்ணி எல்லாத்தையும் போட்டு பாத்த. சோப்பு போட்டா எண்ணெ போவல, பொடிப்பொடியா பிரிஞ்சி தண்ணியிலயே தான் கெடக்குதுன்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருக்க. ஏப்ரல்ல மீன்புடி தடைகாலம் வந்துச்சி, அந்த வருஷம் தான் 45 நாள 61 ஆக்குனாங்க, அதுல பாதி நாள் நீ வலை பின்றவங்க கூட தான் உக்காந்திருந்த.

இப்ப நீ கேட்டதுக்கு வரேன். உன்ன திரும்ப சேத்தது என் பயத்தால. நவம்பர்ல 500, 1000 நோட்டு செல்லாதுன்னு சொன்னதுல சவாரி படுத்துடுச்சி, டிசம்பர்ல வண்டி போச்சி, ரிப்பேருக்கு கடன். வாடகை வண்டி எடுத்து நைட்டும் ஓட்டுனேன், உன்கூட உக்கார முடியல. சர்டிபிகேட் இல்லாம பொண்ணு நாளைக்கு இன்னா ஆவுமோன்னு வேற பயம். பதினாலு வயசானா ஓபன் ஸ்கூல்ல பத்தாவது எழுதலாம்னு விசாரிச்சி வெச்சிருந்தேன், ஆனா இன்னும் ரெண்டு வருஷம் தாங்குற தெம்பு எனக்கு இல்ல. சட்டப்படி வயசுக்கேத்த கிளாஸ்ல சேத்துக்கணும்ன்றதால நேரா எட்டாவதுல சேத்தாங்க. நீ ஃபெயிலும் ஆவல, ஒண்ணும் ஆவல.

ஆனா அன்னிக்கு உங்க அத்த வீட்டுக்கு வந்து, "படிப்பு ஏறல, அதான் திரும்ப கொண்டாந்து தள்ளிட்டீங்களா"ன்னு உன் எதுர்லயே கேட்டா. நான் வாய தொறக்கல. கடன் வாங்குனத சொல்ல வெக்கப்பட்டுகினு பழி உன் மேல விழட்டும்னு விட்டுட்டேன். நீ கதவுகிட்ட நின்னுகினு என் மூஞ்சிய பாத்த. இத்தினி வருஷமா அத மனசுல வெச்சிருப்பன்னு நான் நெனைக்கல. தப்பு என்னோடது தான், மன்னிச்சிக்கோ கண்ணு.

இன்னிக்கு சாயந்திரம் அத்த வீட்டுக்கு போயி இதையே சொல்லிட்டு வரேன். மீட்டர் நோட்டையும் மீன் நோட்டையும் நாளைக்கு கூரியர்ல போடறேன். கல்லு ரெண்டும் மாத்திர டப்பால பத்திரமா இருக்கு, அத மட்டும் அம்மா தர மாட்டேன்றா.

அப்பா